படகுக்காரரிடம்தான் கேட்க வேண்டுமாம்

"பெரியவரே, ஒரு அம்மா போன வைக்கவே மாட்டேங்குறாங்க. படகுக்காரர்கிட்டதான் கேக்கணுமாம். எல்லாம் பத்திரமா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுக் குடுங்க. உங்க புராணத்த அவிழ்த்து விட்றாதீங்க."

பிள்ளைகளின் கோடை முகாம் அலுவலகப் பெண் ஜன்னல் வழியாகப் போனை நீட்டினாள். நீட்டும் முன் அதன் மேல் மருந்துத் தண்ணீரை ஒரு பீச்சு பீச்சினாள்.

படகுக்காரர் பெயிண்ட் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பாதி வேலையில் கூப்பிட்ட கடுப்பு அவருக்கு.

"சொல்லுங்க."

"இந்தக் கொரோனால பசங்க ரெண்டும் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்குதுங்க. எப்பவும் உங்க கேம்ப்புக்குத்தான் வரும். இந்த வருஷமும் போகணும்னு ஒரே அடம். அனுப்பலாமா?"

 மகளின் குரல்.

பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. ஒரு வார்த்தை அவர் விட்டார், ஒரு வார்த்தை அவள் விட்டாள். அப்புறம் இவர் ஒரு மூலை, அவள் ஒரு மூலை.

முகமூடிக்குள் குரலை இன்னும் கட்டையாக்கிக்கொண்டார். "எதுக்குங்க என்னைக் கேக்குறீங்க?" பெற்ற மகளை 'ங்க' போட்டுப் பேச நாக்கு கூசியது.

"ஆபீஸ்ல இருக்கவங்க அனுப்புன்னுதான் சொல்லுவாங்க. நீங்க உள்ளத சொல்லுவீங்க."

அவர் ஏரியைப் பார்த்தார்.

பிள்ளைகளை விட வந்த முதல் கோடையில் அவள் காரிலிருந்து இறங்கியதைப் பார்த்தவுடன் படகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். கார் கிளம்பிய பிறகுதான் வெளியே வந்தார். பிள்ளைகள் இரண்டும் கரையில் நின்றன. பெரியது வாயாடி. சின்னது மொட்டை.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளை விட வரும் நாளிலும் கூட்டிப் போக வரும் நாளிலும் அவருக்குக் கொட்டகைக்குப் பின்னால் ஏதாவது ஒரு வேலை இருந்தது.

அவர் இங்கே இருப்பது தெரிந்தால் வேறு முகாமுக்கு மாற்றிவிடுவாள். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சில்லறை வாங்கினால் இரண்டு முறை எண்ணுகிற மனுஷன், மகளை மட்டும் நம்பிவிடுவாரா?

பிள்ளைகளிடமும் மூச்சு விட்டதில்லை. அவர்களுக்கு அவர் படகுத் தாத்தா. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

அவர் கை வைக்காமல் எந்தப் பிள்ளையும் படகில் கால் வைக்க முடியாது. லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துக் கட்டுவார். தோளில் பிடித்து ஒரு தூக்கு தூக்கிப் பார்ப்பார். ஜாக்கெட் காது வரை ஏறினால் மறுபடியும் அவிழ்த்துக் கட்டுவார். அந்த இரண்டு பேரை மட்டும், சரியாக இருந்தாலும், இன்னொரு முறை தூக்குவார்.

"நான் என்ன மூட்டையா?" என்று வாயாடி கத்துவாள். மொட்டை சிரித்துக்கொண்டே அவர் கழுத்தைப் பிடித்துத் தொங்குவான்.

வருஷம் பூராவும் அவர் இருப்பது அந்தக் கனத்துக்காக.

இந்த வருஷம் வளர்ந்திருப்பார்கள் என்று ஒரு அளவு பெரிய ஜாக்கெட்டாக இரண்டைத் தனியே எடுத்து வைத்திருந்தார். யாரையும் தொடக் கூடாது என்று புது உத்தரவு. தொட வேண்டாம். தள்ளி நின்று, இப்படி இழு, அப்படிக் கட்டு என்று சொன்னால் போதும். பார்த்தால் போதும்.

அனுப்புங்க. அந்த ஒரு சொல் நுனி நாக்கில் உட்கார்ந்திருந்தது.

சின்னப் பிள்ளைகளை இந்த நோய் அவ்வளவாக ஒன்றும் செய்யாது என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். எல்லோரும் சொல்வதை அவர் என்றைக்கு நம்பினார்? இன்றைக்கு மட்டும் நம்பினால் என்ன?

"இருக்கீங்களா?" என்றாள் மகள்.

"இருக்கேன்." ஏரிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "அனுப்பாதீங்கம்மா."

ஜன்னலுக்குள் அலுவலகப் பெண்ணின் தலை சடாரென்று நிமிர்ந்தது.

"சமையல்காரரு இருமிக்கிட்டுக் கெடக்காரு. வீட்டுக்கு அனுப்புனா விஷயம் வெளிய தெரிஞ்சுரும்னு பின் ரூம்ல படுக்க வச்சிருக்காங்க. கட்டில எல்லாம் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கோம்னு வாசல்ல போர்டு இருக்கு. போர்டுதான் தள்ளி இருக்கு, கட்டில் ஒட்டித்தான் கெடக்கு."

"ஐயோ பெரியவரே, வேலை போயிரும்! உங்களுக்கும், எனக்கும்!" அலுவலகப் பெண் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை நீட்டிப் போனுக்குக் கையை வீசினாள். அவர் இரண்டு அடி நகர்ந்து நின்றுகொண்டார்.

"அழுதா அழட்டும். வீட்லயே வச்சுக்குங்க. ஏரி எங்கயும் போயிராது."

போனுக்குள் வெகு தூரத்தில், வேறு அறையிலிருந்து போல, மொட்டையின் சிரிப்பு கேட்டது. அப்புறம் எதையோ போட்டு உடைத்த சத்தம். வாயாடி அவனைத் திட்டுவது கேட்டது. போனைக் காதோடு வைத்து அழுத்தினார். இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்றிருந்தது.

எங்கேயோ ஒரு கதவைச் சாத்தினார்கள். பிள்ளைகள் சத்தம் நின்றுபோயிற்று.

வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தார்.

"அப்போ," என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது. "இந்த வருஷம் நீங்க அதுங்கள பாக்க முடியாதே."