மலை தெரியும் ஜன்னல்

இத்தாலியின் மிலானோ நகரத்திலிருந்து வந்த குடும்பம் எங்கள் பண்ணைவீட்டு முற்றத்தில் நின்று, ஆகஸ்டு விடுமுறைக்கு இங்கே தங்கலாமா என்று யோசிக்கிறது. நடுப்பகல் வெயில் கல்தரையில் பட்டு முகத்தில் அடிக்கிறது. என் கணவர் ஒட்டாவியோ ஏந்தி நிற்கும் தட்டில் ஆட்டுப்பால் சீஸ் வியர்த்துக்கொண்டிருக்கிறது. “மாடி ஜன்னலைத் திறந்தா மலை முழுசும் தெரியும்மா. குறுக்கே ஒண்ணுமே கிடையாது” என்கிறார். குறுக்கே ஒரு மல்பெரி மரம் இருந்தது. மலையை மறைக்கிறது, பழம் விழுந்து கார் கறையாகிறது என்று போன வருஷம் தங்கியவர்கள் இணையத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். மார்ச்சில் மனிதர் வெட்டிவிட்டார். “காரைக் கழுவ உடம்பு வணங்காதவன் பேச்சைக் கேட்டு மரத்தை வெட்டுவீங்களா?” என்று கேட்டுவிட்டு, ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. மிலானோக்காரி மிஞ்சிய அடிக்கட்டைமேல் கைப்பையை வைத்துவிட்டுத் தொப்பியால் விசிறிக்கொள்கிறாள். அவள் பிள்ளைகள் இரண்டும் சுவரோரம் விரலளவு நிழலில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளியில உட்கார நிழலே இல்லையே. ஒரு மரம் வச்சிருக்கலாமே” என்கிறாள். பையை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடக்கிறாள். ஒட்டாவியோ என் பக்கம் திரும்பவில்லை. எழுபத்துமூன்று வயதில், தட்டை ஏந்தியபடியே, அவள் முதுகைப் பார்த்துச் சொல்கிறார்: “வச்சிடலாம்மா. அடுத்த வருஷம் வாங்க.”