பத்தொன்பது நாள்

"கருங்காலிக்கெல்லாம் சங்கத்து ஹால் கிடையாதும்மா. போய் வேலையைப் பாரு."

செயலாளர் தலை நிமிராமலே சொன்னார். எதிரே துப்புரவுப் பணியாளர் அம்மா, கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு நின்றிருந்தார்.

"அரை மணி நேரம் போதும் சார். இன்னிக்கு அவருக்குக் கடைசி நாள். நாங்க பதினோரு பேரும் சேர்ந்து அவருக்குத் தெரியாம டீ போட்டு வச்சிருக்கோம். ஆறிடும்."

"ஆறட்டும்."

அரசு ஊழியர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவர் காவலாளியாக இருந்தாலும் சரி, கண்காணிப்பாளராக இருந்தாலும் சரி, கடைசி நாள் மாலை ஹாலில் கூட்டம் நடக்கும். செயலாளர் நல்லதாக நாலு வார்த்தை பேசுவார். பிறகு எல்லோரும் வாசல் வரை போய் வழியனுப்புவார்கள். இத்தனை வருஷத்தில் இது ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஆவணப் பிரிவு எழுத்தருக்குத்தான் இன்று அந்த மரியாதை இல்லை.

காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலைநிறுத்தம். முந்நூறு பேர் வாசலில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, இந்த மனிதர் மட்டும் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. பத்தொன்பது நாளும் போனார். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்குக் கொஞ்சம் வேலை இருக்குப்பா" என்றார். அதோடு சரி.

அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான் கருங்காலி. அவரோடு யாரும் பேசக் கூடாது என்று சங்கம் முடிவெடுத்தது. முன்மொழிந்தவரே செயலாளர்தான். முன்பெல்லாம் இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். அதனால் இவருக்கு ஆத்திரம் ஒரு பங்கு கூடுதல். போன வருஷம் எழுத்தரின் மனைவி இறந்தபோதுகூடச் சங்கத்திலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

"உனக்கு என்னம்மா அவர் மேல இவ்வளவு கரிசனம்? போன மாசம் உங்க பதினோரு பேரையும் நிரந்தரமாக்கினது யாரு? அவரா? சங்கம்! எத்தனை நடை நடந்திருப்பேன்! மூணு வருஷமா தொடர்ந்து வேலைக்கு வந்திருக்காங்க, பாருங்கன்னு உங்க வருகை நோட்டைத் தூக்கி அதிகாரி மேஜை மேல போட்டேன். அந்த ஆளு வாயடைச்சுப் போயிட்டாரு."

"சாகிற வரைக்கும் மறக்க மாட்டோம் சார்." அம்மா பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டார். "அந்த நோட்டு இப்போ எங்க இருக்கு?"

"நகல் இந்த பீரோவுலதான் இருக்கு. ஏன்?"

"வேலைநிறுத்தம் நடந்த மாசத்தைக் கொஞ்சம் பாருங்களேன்."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். தற்காலிக ஊழியர்கள் வேலைக்கு வந்தார்கள் என்று நிரந்தர ஊழியர் ஒருவர் காலையும் மாலையும் அந்த நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வரவில்லை என்று அர்த்தம். தொடர்ந்து பத்து நாள் விட்டுப்போனால், அதுவரை பார்த்த வேலையெல்லாம் கணக்கிலேயே வராது. முதல் நாளிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியதுதான். செயலாளருக்கு இந்த விதி தலைகீழ்ப் பாடம்.

"தற்காலிகக்காரங்களை உள்ளே விடுங்கப்பா, பாவம், வேலை போயிடும்" என்று அந்த வேலைநிறுத்தத்தில் பெரிய மனசோடு சொன்னவரும் அவர்தான். உள்ளே போகிறவர்களுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று யோசிக்கத்தான் மறந்துவிட்டார். அதிகாரியிடம் வாதாடியபோதும் பக்கத்தின் அடியில் இருந்த மொத்த நாட்களைப் பார்த்தாரே தவிர, ஓரத்தில் இருந்த கையெழுத்தைப் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தார்.

பத்தொன்பது நாள். முப்பத்தெட்டுக் கையெழுத்து. எல்லாம் ஒரே ஆளுடையது.

செயலாளர் நோட்டைத் திறந்தபடியே போட்டார். ஹால் சாவியை எடுத்துக்கொண்டு ஆவணப் பிரிவுக்கு ஓடினார். அம்மாவும் பின்னாலேயே வந்தார்.

மேஜை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆணியில் குடை இல்லை.

"அவரா? இப்பத்தான் பஸ் ஏறினார் சார்" என்றார் அறையைப் பூட்ட வந்த காவலாளி. "பஸ் படியில நின்னு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். யாரும் வரலை. போயிட்டார்."

செயலாளர் எழுத்தரின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவர் வீட்டம்மா போனப்போகூட நான் போகலையேம்மா. ஒரு வார்த்தை... நீங்க பதினோரு பேர்ல ஒருத்தராவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்றோம்னுதான் சார் நாங்க அடிச்சுக்கிட்டோம். அவர்தான் சத்தியம் வாங்கிட்டார். இன்னியோட போறாரேன்னு மனசு கேக்காம நான்தான் மீறிட்டேன்."

"எதுக்குச் சத்தியம்?"

அம்மா பிஸ்கட் பொட்டலத்தை மேஜை மேல் வைத்தார்.

"'எல்லாம் சங்கம் வாங்கிக் கொடுத்ததாவே இருக்கட்டும்மா. என்னை நாலு பேர் தப்பா நெனச்சா என்னோட போச்சு. இத்தனை பேர் இருந்தும் சங்கம் உங்களை மறந்துடுச்சுன்னு தெரிஞ்சா, அப்புறம் யாரு அதை நம்புவாங்க? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் வர முடியாது. சங்கம்தான் வந்து நிக்கணும்'னார் சார்."