அனுமதி கேட்ட நேரம்

நிலவில் இறங்கிய கலம் ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டது.

உயிர் இருந்தது. காதும் கேட்கும். வாய்தான் மண்ணில் புதைந்துவிட்டது. மேலே தெரியும் சின்ன ஆன்டெனாவுக்கு மாறிக்கொள் என்று இங்கிருந்து ஒரு கட்டளை போனால் பேசும். பேட்டரி இருபது நிமிடம் தாங்கும்.

கட்டளைக்குத் திட்ட இயக்குநரின் அனுமதி வேண்டும்.

அவரோ பக்கத்து அரங்கில், மேடையில் இருந்தார். கலம் தரையைத் தொட்டதுதான் தாமதம், கட்டுப்பாட்டு அறையே கைதட்டிக் கட்டிப்பிடித்து வெற்றி விழாவுக்குக் கிளம்பிவிட்டது. தொட்டது நின்றதா என்று பார்க்க ஒருத்தி மட்டும் மிச்சம். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ஆன்டெனாக்காரி.

அவளுடைய அப்பா எட்டாவதைத் தாண்டாதவர். லாரியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். இங்கே ஆளுக்கு மூன்று பட்டம். கல் வைக்கத்தான் ஆளில்லை.

மேடையேறி, இயக்குநரின் காதோரம் குனிந்து விஷயத்தைச் சொன்னாள்.

கேமராவைப் பார்த்த சிரிப்பு மாறாமல் அவர் பல்லிடுக்கில் பேசினார். "நிலா எங்கயும் ஓடிப்போயிடாதும்மா. விருந்தாளி பேசி முடிக்கட்டும், அப்புறம் அனுப்பலாம்."

"அதுக்குள்ள பேட்டரி செத்துரும் சார்."

அவர் ஈ ஓட்டுவதுபோல் கையை அசைத்தார்.

அவள் கீழே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். நிலவைத் தானே கழுவித் துடைத்து வானத்தில் மாட்டியதுபோல் விருந்தாளி பேசினார். இருபது நிமிடம் போனது. முப்பது போனது. இயக்குநர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். கழுத்து வலிக்காத மனிதர்.

பேச்சு முடிந்தபின், பூங்கொத்தும் கையுமாகக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார். சரி, இப்போது அனுப்பு என்றார், பெரிய மனது பண்ணி.

அவள் விசைப்பலகையைத் தொடவில்லை. பணிப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

கட்டளை அனுப்பியது: 11.12.

கலத்திடமிருந்து பதில் வந்தது: 11.12.

அனுமதி கேட்டது: 11.14.

அனுமதி மறுக்கப்பட்டது: 11.14.

சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக் கடைசி வரியை எழுதினாள். அனுமதி கிடைத்தது: 11.55.

அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.