நடுச்சுவர்

"எங்க வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு அந்தப் பக்கத்துக்காரங்க பார்க்கவே கூடாது" என்றார் பெரியவர், நாற்காலியில் முதுகு சாயாமல்.

பொறியாளர் பெண் மடிக்கணினியைத் திறந்தாள். "ஐயா, பாகம் பிரிச்சது நீங்க. சுவருக்கு அது தெரியாது. உங்க பாதியை நான் அளந்தேன், அந்தப் பாதியை என் கூட்டாளி அளந்தார். ரெண்டையும் ஒரே படத்துல சேர்த்து, கொத்தனார், தச்சர், நகராட்சி எல்லாரும் அதையே பார்க்கணும். அப்பத்தான் நடுச்சுவர் ஏன் வெடிக்குதுன்னு தெரியும். நாளைக்கு அதிகாரிங்க வர்றாங்க. காரணம் சொல்லலேன்னா இடிக்கச் சொல்லிடுவாங்க."

பெரியவரின் மீசை துடித்தது. "கட்டினவர் எங்க கொள்ளுத்தாத்தா. வீடு விழுந்தா எங்க மானமும் சேர்ந்துதான் விழும். சரி, சேர்த்துத் தொலைங்க."

"பங்காளிச் சண்டைன்னாலே இப்படித்தான்" என்று சிரித்தபடி அவள் பொத்தானைத் தட்டினாள். பெரியவர் முகத்தை நடுச்சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரையில் இரண்டு பாதி வீடுகளும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டன. அவள் துள்ளி எழுந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன் ஐயா. இங்க பாருங்க, நீங்க சுவரைக் குடைஞ்சு வச்ச அலமாரி. நேர் பின்னால அவங்களும் குடைஞ்சிருக்காங்க. தனித்தனியாப் பார்த்தா ரெண்டுலயும் தப்பில்ல. சேர்த்துப் பார்த்தா நடுவுல மிச்சம் ஒரே ஒரு செங்கல்."

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார். குரல் இறங்கியது. "அந்தப் பக்கம் உளி சத்தம் கேட்டுது. நாம மட்டும் விட்டுக்கொடுக்கிறதான்னு இன்னும் ஆழமா வெட்டச் சொன்னேன்."

"அவங்களும் அதேதான் சொல்லியிருப்பாங்க. நல்ல பொருத்தம் போங்க."

"வீடு பிழைக்குமா, அதைச் சொல்லும்மா."

"கண்டிப்பா. ரெண்டு அலமாரியையும் ஒரே நேரத்துல அடைச்சுடலாம். இல்ல, அந்தச் செங்கலையும் எடுத்துட்டு, மேல வளைவு கட்டி வாசலாக்கிடலாம். சுவர் கிண்ணுன்னு நிக்கும். எதுன்னாலும் அந்தப் பக்கத்து வீட்டு அம்மா சம்மதிக்கணுமே. பிடிவாதக்காரங்களாமே, யார் போய்க் கேக்குறது?"

"வாசலே வைங்க."

பெரியவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நானே போறேன். கல்யாணத்துக்கும் நான் நேர்ல போய்க் கேட்டப்புறம்தான் தலையாட்டினா, என் பெண்டாட்டி."