சிங்கத்திடம் சொன்ன ரகசியம்

கணவனும் மனைவியும் மூன்று நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் தனியாக இருக்கும் நாய் சிங்கத்தோடு பேசுவதற்காக வைத்த ஸ்பீக்கர் கேமராவை, அலுவலக மாடிப்படியில் நின்று போனில் திறந்தான் கணவன். சோபாவில் போர்வை மேடிட்டுக் கிடந்தது.

"சிங்கம், தப்பு என்மேலதாண்டா. ஆனா அவகிட்ட சொன்னா என் மானமே போயிடும்."

போர்வை குலுங்கியது. வாலாட்டுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

மாலையில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தான். மனைவி சிரித்தபடி கதவைத் திறந்தாள்.

"காபி போடட்டுமா?"

ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டாள் என்று கெத்தாக உட்கார்ந்தான்.

"சிங்கம் எங்கே?"

"முடி வெட்டிவிடணும்னு காலையிலேயே என் தம்பி கூட்டிட்டுப் போயிட்டான். எனக்கும் லேசா காய்ச்சல். லீவு போட்டுட்டு, போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு இந்த சோபாவுலதான் படுத்திருந்தேன்."