பாம்புச் சட்டையில் பூத்த செம்பருத்தி

காட்டுப் பாதையில் ஒரு முள்ளம்பன்றி பச்சை குத்தும் கடை போட்டது. ஊசிக்குப் பஞ்சமில்லை, முதுகு நிறைய இருந்தது. அந்த முதுகைப் பார்த்ததுமே வந்த பிராணிகள் எல்லாம் "அப்புறம் வர்றேன்" என்று நழுவின. கூலியாக ஒரு கிழங்கு போதும் என்று சொல்லியும் யாரும் உட்காரவில்லை. வயிறு காய்ந்தது.

கடைசியில் ஒரு சாரைப்பாம்பு வந்தது. "ஒரு செம்பருத்தி குத்து. அழியக் கூடாது."

"சாகுற வரைக்கும் இருக்கும்ண்ணே" என்று சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இதழ் இதழாகக் குத்தியது முள்ளம்பன்றி.

அடுத்த மாதமே பாம்பு சீறிக்கொண்டு வந்தது. "பூ எங்கேடா, ஏமாத்துக்காரப் பயலே?"

முள்ளம்பன்றி பார்த்தது. பாம்பின் உடம்பு பளபளவென்று புதிதாக இருந்தது. "அண்ணே, சட்டை உரிச்சீங்களா?"

"உரிச்சேன். அதுக்கென்ன?"

"நான் உடம்புன்னு நினைச்சில்ல குத்தினேன்! அது சட்டைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பாம்பு காடு முழுக்கத் திட்டிக்கொண்டே போனது. இனி யார் வரப்போகிறார்கள் என்று முள்ளம்பன்றி மை வைத்திருந்த கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தது.

அப்போது ஒரு யானை வந்தது. அதன் துதிக்கையில் பாம்புச் சட்டை தொங்கியது. "முள்செடியில மாட்டிக் கிடந்துச்சு. இந்தப் பூவைக் குத்தினது நீதானா? வெயில்ல காஞ்சும் ஒரு இதழ்கூட மங்கலையே! என் காதுல ஒண்ணு போடு. இடம் நிறைய இருக்கு."

யானைக்குப் பின்னால் மான், குரங்கு என்று கிழங்கும் கையுமாக ஒரு வரிசையே நின்றது. அதன் கடைசியில் பாம்பு நெளிந்துகொண்டிருந்தது.

"எனக்குச் சட்டையிலேயே குத்து" என்றது. "அடுத்த சட்டைக்கு வேற டிசைன் யோசிச்சு வை."