மேல்மூலையில் குடியிருந்த சிலந்தி

டங்கென்று ஒரு சத்தம். தூக்கம் கலைந்த சிலந்தி எட்டிப் பார்ப்பதற்குள் பந்து கேலரிப் பக்கம் பறந்துவிட்டது.

"உன் ஆளுங்கதான். இன்னைக்கு இது நாலாவது அடி," என்று முனகியது கோல் கம்பம்.

சாரல்நாட்டு முதல் டிவிஷன் லீக்கில் உப்பளம் அணிக்குக் கடைசி இடம். சீசனின் கடைசி ஆட்டமான இன்று ஜெயிக்காவிட்டால் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டியதுதான். இன்னும் ஒரு கோலும் விழவில்லை.

சிலந்திக்கு உப்பளம் என்றால் உயிர். ஆனாலும் அது வீடு கட்டியிருந்தது கோலின் மேல்மூலையில். எதிரணியினர் தரையோடு உருட்டியே கோல் போட்டுவிடுவார்கள். உப்பளம் அடிப்பதோ கம்பத்திலோ அதற்கு மேலோ போகும். அந்த மூலைக்கு மட்டும் ஒரு பந்தும் வந்ததில்லை.

"நீயெல்லாம் ஒரு ரசிகையா?"

"பாசம் வேற, குடியிருப்பு வேற அண்ணே."

கடைசி நிமிடத்தில் உப்பளத்துக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. பந்து வளைந்து நேராக மேல்மூலையைப் பார்த்து வந்தது. சிலந்தி அலறியது.

"வா கண்ணு, இங்கேதான், இங்கேதான்!"

வீடு பந்தோடு போனது. மைதானமே எழுந்து ஆடியது. ஒற்றை நூலில் தொங்கிய சிலந்தி எட்டுக் கால்களையும் உதறிக் குதித்தது.

"அடிச்சோம்ணே! நாம அடிச்சுட்டோம்!"

"வீடு போச்சே, பைத்தியமே! இனி எங்கே கட்டுவே?"

"இதே மூலையிலதான். இவனுங்க இன்னொரு தடவை இங்கே அடிச்சுடுவானுங்களா என்ன?"

கூட்டம் பாடிக்கொண்டே கலைந்தது. சிலந்தி புது நூலின் நுனியைக் கம்பத்தில் ஒட்டிவிட்டு மெல்லக் கீழே இறங்கியது.